இரண்டாவது மிதவை

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். முதல் மிதவை மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது மிதவை தெரியவில்லை.

அன்றைய பக்கம் என் குறிப்பேட்டில் இப்படித்தான் தொடங்குகிறது. செய்தித்தாளில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. சம்பவ இடத்துக்குப் போனதும் முதலில் நேரத்தை எழுத வேண்டும், பிறகு கண்ணில் பட்ட முதல் பொருளை எழுத வேண்டும், கருத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாளை விட்டுவிட்டு விளையாட்டுப் போட்டிகளை விளம்பரப்படுத்தும் வேலைக்கு வந்த பிறகும் நேரத்தையும் முதல் பொருளையும் நான் விடவில்லை. கருத்தை மட்டும் முன்னால் நகர்த்திவிட்டேன். நான் சொல்லப்போகும் தவறு அங்கேதான் தொடங்கியது.

பதிவை எப்போது திறப்பது, பதாகையை எந்தச் சந்தியில் கட்டுவது, யாருக்கு எந்த வாரம் மின்னஞ்சல் அனுப்புவது என்பதையெல்லாம் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறே மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். அவற்றை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரே ஒரு காலைப் பொழுதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

முதலில், நாங்கள் விற்ற சரக்கு. நடுத்தூர டிரையத்லான் என்பது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். விற்பதற்குச் சிரமமான தூரம் இது. முழுத் தூரத்தை முடித்தவர் அலுவலகத்தில் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களே சொல்லிக்கொள்வார்கள். குறுந்தூரத்தை முடித்தவர் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் பசியாறப் போய்விடுவார். நடுத்தூரத்தை முடித்தவர்தான் என்ன செய்தார் என்பதைத் திங்கட்கிழமை முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அவர் தூரத்தைப் பார்த்துப் போட்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். திங்கட்கிழமை காட்டுவதற்கு அவருக்கு ஒரு படம் வேண்டும்.

கடற்கரைப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே படம்தான்: தென்னை, அலை, சூரியன். எங்களிடம் மலேசியாவின் கேமரன் மலை இருந்தது. தானா ராத்தாவுக்கு வெளியே ஒரு தேயிலை எஸ்டேட் தன் குளத்தையும் உள்பாதைகளையும் ஒரு நாளைக்குத் தர ஒப்புக்கொண்டது. தொழிற்சாலைக்கும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் தண்ணீர் எடுக்கும் குளம் அது. மூன்று பக்கம் மேடு, மேட்டில் தேயிலை. விடியற்காலையில் டிரோனை ஏற்றி ஒரு படம் எடுத்தோம். தண்ணீர்மேல் பனி, பனிக்குள் தனியாக நீந்தும் ஒரு பெண், பின்னால் அடுக்கடுக்காகப் பச்சை. அதன் மேல் நான்கு சொற்கள் எழுதினேன்: பனிக்குள் நீந்து. பச்சைக்குள் ஓடு.

நீந்திய பெண் லெட்சுமி. தானா ராத்தாவில் பள்ளி ஆசிரியை, விடுமுறை நாள்களில் நீச்சல் பயிற்சி கொடுப்பவர், எங்கள் போட்டியின் உயிர்காப்புக் குழுவுக்குத் தலைவி. படம் எடுத்தபோது அவருக்கு இரண்டு கை தூரத்தில் ஒரு கயாக் படகு கூடவே போனது. அது அவர் போட்ட நிபந்தனை. படத்தின் வலது ஓரத்தில் அந்தப் படகின் மூக்கு தெரிந்தது. நான் வெட்டினேன். செய்தித்தாளில் தினம் பத்துப் படம் வெட்டியவளுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

முதல் ஆண்டுப் போட்டியில் பனி இல்லை. ஏழு மணிக்கே வெயில் வந்துவிட்டது. பச்சையும் இல்லை. ஓட்டப் பாதை போன டிவிஷனில் அந்த மாதம்தான் செடிகளைக் கவாத்து வெட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் குச்சிகள், அவற்றுக்கு நடுவில் இருபத்தொரு கிலோமீட்டர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, போட்டி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கருத்துப் படிவங்களில் கிண்டல் நிறைய வந்தது. "பனி லீவா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். "விறகுக்குள் ஓடு" என்று இன்னொருவர் வாசகத்தைத் திருத்திக் கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் நான் வாசகத்தை மாற்றியிருக்க வேண்டும். நான் தேதியை மாற்றினேன்.

கவாத்து விஷயம் சுலபமாக முடிந்தது. எஸ்டேட் நிர்வாகியான துரையைப் பார்த்து எந்த டிவிஷன் எந்த ஆண்டு வெட்டு என்று கேட்டு, பச்சையாக இருக்கும் பக்கம் பாதையைத் திருப்பினோம். பனிக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. "பம்பு ஹவுஸ் மாரியப்பன்கிட்ட கேளுங்க, அவருதான் தினம் தண்ணியப் பாக்குறவரு" என்றார் துரை.

மாரியப்பன் அப்போது ஐம்பதைத் தாண்டியவர். பம்பு ஹவுஸ் வாசலில் நின்றால் குளத்துக்குள் ஊன்றிய அளவுப் பலகை தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுவது அவர் வேலை.

"பனி இருந்தா பலகை தெரியாது, மேடம். அப்ப 'தெரியல'ன்னு எழுதிருவேன். அப்புறம் எப்ப தெரியுதோ அப்ப பாத்து, டைமும் போட்டு, பக்கத்துக் கட்டத்துல எழுதுவேன்."

"ஏன் ரெண்டு தடவை? தெரிஞ்ச பிறகு எழுதினா போதாதா, அண்ணே?"

"ஏழு மணிக்கு நான் தூங்கிட்டேன்னு ஆபீஸ்ல கணக்கு பாக்குற கிராணி சொல்லிருவாரு."

சிரித்தபடியே நோட்டுகளை எடுத்துத் தந்தார். மூன்று ஆண்டு நோட்டுகள். நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து 'தெரியல' என்ற சொல் எந்தெந்த வாரத்தில் அதிகம் வருகிறது என்று குறித்தேன். நவம்பரில் ஒரு வாரம் மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக அந்தச் சொல்லால் நிரம்பியிருந்தது. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையைப் போட்டி நாளாக எழுதிக்கொடுத்தேன். பக்கத்துக் கட்டத்தை நான் பார்க்கவில்லை. எனக்குத் தேவையான சொல் முதல் கட்டத்திலேயே இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். முதல் ஆண்டு நீச்சல் தொப்பிகள் ஆரஞ்சு நிறம். டிரோன் படங்களில் அவை குளம் முழுக்கச் சிதறிக்கிடந்தன. இரண்டாம் ஆண்டுக்கு வெள்ளைத் தொப்பி என்று முடிவு செய்தேன். கூட்டத்தில் லெட்சுமி மட்டும் கை தூக்கினார்.

"வெள்ளை வேணாம் அக்கா. போன வருஷ ஆரஞ்சே இருக்கட்டும்."

"படத்துல புள்ளி புள்ளியா வருது, லெட்சுமி. கண்ணை உறுத்துது."

"அதுக்குத்தானே அக்கா ஆரஞ்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொப்பி வெள்ளையாகவே வந்தது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

நீச்சல் ஏழரைக்குத் தொடங்க வேண்டும். ஏழு பன்னிரண்டுக்கு நான் கரையில் நின்றேன். நீச்சல் பாதையைக் காட்டும் மிதவைகளில் முதலாவது கரையிலிருந்து நூறு மீட்டர், அதைத் தாண்டியதும் இரண்டாவதைப் பார்த்துத்தான் நீந்த வேண்டும். மேட்டில் பாதை பளிச்சென்று இருந்தது. பனி குளத்துக் குழிக்குள் மட்டும் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் ரப்பர் நீச்சலுடையும் வெள்ளைத் தொப்பியுமாகக் கரையோரம் நின்றார்கள். பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்ததும் இதைத்தான். ஒரு நிமிடம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

ஸ்பான்சர் நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஒளிப்பதிவாளர்களோடு வந்திருந்தார். இளைஞர், நல்ல பையன். என்னிடம் ஓடி வந்தார்.

"சூப்பர்லா மேடம்! கரெக்டா வந்துருச்சு பாருங்க. இத விட நல்ல ஷாட் கெடைக்கவே கெடைக்காது."

எனக்குப் பின்னால் லெட்சுமியும் போட்டி இயக்குநரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் ஈப்போக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், பதறாத மனிதர். நீச்சல் தொடங்க வேண்டுமென்றால் தண்ணீர்ப் பாதுகாப்புப் படிவத்தில் உயிர்காப்புத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் இயக்குநரின் கையில் இருந்தது, பேனாவும் இருந்தது.

"பதினாலு கயாக் இருக்கு சார். ஒண்ணுலேருந்து இன்னொண்ணு தெரியல. மொத மிதவை தாண்டி இன்னும் எந்தக் கயாக்கையும் நான் அனுப்பல. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"சின்னச் சின்ன குரூப்பா விட்டா? பத்துப் பத்துப் பேரா?"

"பத்துப் பேருல ஒருத்தரக் காணோம்னா எனக்கு எப்படித் தெரியும்?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். "அக்கா, ஒரு அரை மணி நேரம் தள்ளிப் பாப்போம். நீங்க மைக்ல நல்லதா நாலு வார்த்தை சொன்னீங்கன்னா கூட்டம் பொறுத்துக்கும்."

அரை மணி நேரம் தள்ளலாம். அதற்குமேல் இடமில்லை. சைக்கிள் பாதை தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா வரை இரண்டு தடவை போய்த் திரும்புகிறது. மத்தியானம் ஒரு மணிக்குச் சாலையைத் திறந்துவிட வேண்டும் என்பது போலீஸ் கொடுத்த அனுமதி. திரிங்காப்பில் காய்கறி லோரிகள் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கும். ஏற்றிய கீரையை வெயிலில் நிறுத்தி வைக்க யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எட்டு மணிக்குள் நீச்சல் தொடங்காவிட்டால், கடைசி சைக்கிள் ஒரு மணிக்குள் திரும்பாது.

நீச்சலை எடுத்துவிட்டு நடத்தினால் என்ன? போட்டியின் பெயர் போய்விடும். நான்கு மாதம் குளிர்ந்த தண்ணீரில் பழகி வந்தவர்கள் முழுமையில்லாத ஒன்றை முடித்துவிட்டுப் போவார்கள். ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் 'மூன்று பிரிவுகளும்' என்று எழுதியிருந்தது. எழுதியவள் நான்தான்.

குறிப்பேட்டில் மைக்கில் சொல்ல ஒரு வரி எழுதினேன். 'பனி நம்மை வரவேற்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது.' அந்த வரி இன்னும் இருக்கிறது. அடிக்கவில்லை. புதியவர்களிடம் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன். ஆபத்தை அழகான வாக்கியமாக மாற்றும் திறமை நமக்கு உண்டு. அது திறமைதான். எப்போது அதைப் பையில் போட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் மைக்கை எடுக்குமுன் கூட்டத்துக்கு விஷயம் போய்விட்டது. முன்வரிசையிலிருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். கிள்ளான்காரர், நாற்பது வயதிருக்கும், நல்ல உடற்கட்டு.

"என்னா மேடம் தள்ளி வைக்கிறீங்க? போஸ்டர்ல என்னா போட்டீங்க? பனிக்குள்ள நீந்துன்னுதானே போட்டீங்க? இந்தா பனி! இந்தா நாங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ "பனிக்குள் நீந்து!" என்று முழங்க, பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு ஐம்பது பேர். நான் எழுதிய வாசகத்தை இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை.

"போன வருஷம் பனி இல்லன்னு குறை சொன்னோம்" என்றார் கிள்ளான்காரர், கூட்டத்தைப் பார்த்து. "இந்த வருஷம் பனி இருக்குன்னு குறை சொல்றாங்க. என்னாலா இது! போஸ்டர்ல அந்தப் பொண்ணு தனியாத்தானே நீந்துது?"

லெட்சுமி திரும்பினார். "அந்தப் பொண்ணு நான்தான் அண்ணே. தனியா இல்ல. பக்கத்துல போட் இருந்துச்சு. அக்கா வெட்டிட்டாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்வதுபோல்தான் சொன்னார். கூட்டம் என்னைப் பார்த்தது.

"அப்ப இப்ப நீந்திக் காட்டுங்க, பாப்போம்" என்றார் கிள்ளான்காரர். கொஞ்சம் விளையாட்டாகத்தான் சொன்னார்.

லெட்சுமி தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, போட்டியாளர்களுக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாய்ல சொன்னா நம்ப மாட்டாங்க சார்" என்றார் இயக்குநரிடம். "மொத மிதவைக்குப் போய்ட்டுத் திரும்புறேன். ஒரு கயாக் பின்னால வரட்டும். பத்து வீச்சுக்கு ஒருதடவ விசில் ஊதுறேன். எதுவரைக்கும் தெரியறேன்னு எல்லாரும் பாக்கட்டும்."

நான் தடுத்திருக்க வேண்டும். பாதுகாப்பை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது அல்ல, சந்தேகம் வந்ததே போதுமானது. ஆனால் எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அவர் சுகமாகப் போய்த் திரும்பி வந்தால் போட்டி நடந்துவிடும்.

ஏழு இருபத்துநான்கு. லெட்சுமி தண்ணீரில் இறங்கினார். நான் கை வீச்சுகளை எண்ணினேன். பத்தில் விசில். இருபதில் விசில். முப்பதில் விசில். முப்பத்தொன்றில் வெள்ளைத் தொப்பி பனியோடு சேர்ந்துவிட்டது. பின்னால் போன கயாக்கின் மஞ்சள் நிறம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அடுத்த விசில் இடது பக்கத்திலிருந்து வந்ததாக எனக்குப் பட்டது. இயக்குநர் வலது பக்கம் கை காட்டினார்.

ஏழு இருபத்தேழுக்குக் கடைசி விசில். அப்போது நிமிர்ந்து பார்த்தேன். முதல் மிதவையும் காணவில்லை.

கூட்டம் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து கயாக்காரரின் குரல் வந்த பிறகுதான் அடங்கியது.

"சார்! அக்காவக் காணோம்! என் முன்னாலதான் இருந்தாங்க, இப்பக் காணோம்!"

நானூறு பேர் நிற்கும் கரையில் தண்ணீர் கல்லில் தட்டும் சத்தம் கேட்டது. இயக்குநர் மைக்கில் லெட்சுமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது மூன்று மேட்டிலும் பட்டு மூன்று திசையிலிருந்தும் திரும்பி வந்தது. மைக்கை நிறுத்தச் சொன்னேன். அன்று நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது. எதிரொலியைக் கேட்டு நீந்துகிறவர் எங்கே போவார்?

அப்போது குளத்தின் வலது மூலையில், பம்பு ஹவுஸ் பக்கத்திலிருந்து இரும்புச் சத்தம் வந்தது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. நிறுத்தம். மாரியப்பன் வாசலில் நின்று பெரிய ஸ்பேனரால் தண்ணீர்க் குழாயை அடித்துக்கொண்டிருந்தார். குளத்தில் பாசி அள்ளும் படகு பனியில் மாட்டிக்கொண்டால் கரை எந்தப் பக்கம் என்று காட்ட எஸ்டேட்டில் அப்படித்தான் செய்வார்களாம். எனக்குத் தெரியாது. லெட்சுமிக்கும் தெரியாது. ஆனால் அது ஒரே இடத்திலிருந்து வந்த சத்தம்.

ஏழு முப்பத்துமூன்றுக்கு லெட்சுமி பம்பு ஹவுஸ் படிக்கட்டில் கை வைத்தார். நான் ஓடிப் போனபோது மாரியப்பன் தன் குளிர்ச்சட்டையை அவர் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். லெட்சுமியின் பற்கள் கிட்டித்திருந்தன. விசில் கழுத்தில் இல்லை.

"நேராத்தான் போனேன் அக்கா" என்றார். "மிதவையப் பாத்துத்தான் போனேன். அது மறஞ்சதும் திரும்பிட்டேன். திரும்பிட்டேன்னுதான் நெனச்சேன். விசிலு தண்ணிக்குள்ள போயிருச்சு. பைப்புச் சத்தம் கேக்கலைன்னா…"

அந்தக் குளத்தில் வாரம் மூன்று நாள் நீந்துகிறவர் அவர். முதல் மிதவைக்குக் கிளம்பி, அதற்கு நேர் குறுக்கே கரை ஏறியிருந்தார்.

நான் மாரியப்பனிடம் நோட்டைக் கேட்டேன். மேசையில் திறந்தே இருந்தது. அன்றைய வரியில் 'தெரியல' என்று எழுதியாகிவிட்டது. பக்கத்துக் கட்டம் காலி. நான் பின்னால் புரட்டி, அந்த வாரத்தின் பழைய பக்கங்களில் இரண்டாவது கட்டத்தை முதல் தடவையாகப் படித்தேன். எட்டு ஐம்பது. ஒன்பது ஐந்து. எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது பத்து. எட்டரைக்கு முன்னால் ஒரு நாள்கூட இல்லை.

"அண்ணே, இதை ஏன் என்கிட்ட அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்க அந்த வாரத்த ஒதுக்கி வைக்கத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன் மேடம். பனி இருக்கிற நாளா தேடி யாராச்சும் தண்ணியில எறங்குவாங்களா?"

கரைக்குத் திரும்பி இயக்குநரிடம் மூன்று விஷயம் சொன்னேன்: எட்டரைக்கு முன் பனி விலகாது, நீச்சல் எட்டுக்குள் தொடங்காவிட்டால் சாலை நமக்கு இல்லை, அதனால் காத்திருப்பதாக நடிக்க வேண்டாம். ஏழு முப்பத்தொன்பது. அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீச்சல் இல்ல. முன்னால ஒரு சின்ன ஓட்டம், அது நீச்சலவிட சீக்கிரம் முடிஞ்சிரும். நடுவுல சைக்கிள், கடைசில மிச்ச ஓட்டம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்" என்றேன்.

மைக்கில் சொன்னதைக் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன். "போஸ்டரில் இருக்கும் படம் இந்தக் குளத்தில் எடுத்ததுதான். ஆனால் நீந்தியவருக்குப் பக்கத்தில் ஒரு கயாக் இருந்தது. அதைப் படத்திலிருந்து வெட்டியது நான். தேதியையும் தொப்பியின் நிறத்தையும் படத்துக்காகத் தேர்ந்தெடுத்ததும் நான். இன்று நீச்சல் கிடையாது. ஓட்டம் எட்டேகாலுக்குத் தொடங்கும்." பிறகு இதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். மூன்று மொழியிலும் அதே வாக்கியங்கள், அதே வரிசை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சிலர் தொப்பியைத் தரையில் வீசினார்கள். ஒரு பெண் அழுதார். முதல் நடுத்தூரப் போட்டிக்காக வந்தவர் அவர். நீச்சல்தான் அவர் பயந்து பயந்து பழகியது. ஸ்பான்சரின் இளைஞர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். கிள்ளான்காரர் மட்டும் என் அருகே வந்து நின்றார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு நல்லாருக்குதா?" என்றார்.

"நல்லாயிருக்கு. குளிர்தான்."

"நான்தான் நீந்திக் காட்டச் சொன்னேன்." தொப்பியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு, "ரன் எந்தப் பக்கம் ஸ்டார்ட்டு மேடம்?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். போனார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் விற்கும் படத்தில் எது இருக்கிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். எதை வெட்டினோம் என்று நமக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அதைப் பற்றி முதலில் வாயைத் திறக்க வேண்டியவர்களும் நாம்தான், யாராவது கேட்கும் முன்பே. இன்னொன்று: உள்ளூர்க்காரரிடம் ஒரு தகவல் கேட்டால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாரியப்பனிடம் ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசியிருந்தால் அவர் அன்றைக்கே சிரித்து என்னை அனுப்பியிருப்பார்.

ஸ்பான்சர் நிறுவனம் அடுத்த ஆண்டுக்கு வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஒரு நீண்ட கூட்டம் நடந்தது. மூன்றாம் ஆண்டுப் போட்டி வேறு மாதத்தில், ஆரஞ்சுத் தொப்பிகளோடு, வானிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத போஸ்டரோடு நடந்தது. அந்தப் போஸ்டரில் லெட்சுமியும் இருக்கிறார், கயாக்கும் இருக்கிறது. பதிவுகள் குறைந்தன. அதற்குப் பிறகு இரண்டு போட்டிகள் செய்துவிட்டு நான் ஓய்வு பெற்றேன்.

அன்று எடுத்த முடிவு சரிதானா என்று பின்னால் பலர் கேட்டார்கள். ஏழு முப்பத்தொன்பதுக்கு எங்கள் கையில் இருந்தவை ஒரு நோட்டு, குளிரில் நடுங்கிய ஒரு பெண், திறந்தாக வேண்டிய ஒரு சாலை. அவற்றை வைத்துத்தான் முடிவு எடுத்தோம். பிறகு தெரிய வந்ததை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் பிடிவாதம். ஆனாலும் செய்தித்தாளில் வளர்ந்தவள், நடந்ததை விட்டுவிட முடியாது.

போட்டியாளர்கள் தேயிலைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, நான் பம்பு ஹவுஸ் வாசலில் மாரியப்பனோடு நின்றேன். லெட்சுமி படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பனி ஓர் ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு எழுந்தது. முதலில் அளவுப் பலகை தெரிந்தது. மாரியப்பன் அடியைப் பார்த்து, நோட்டை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் 9.06 என்று எழுதினார். அடுத்து முதல் மிதவை தெரிந்தது. இரண்டாவது மிதவை அதன் இடத்தில் இல்லை. கயிறு கழன்று, எதிர்க்கரையில் கோரைப் புல்லுக்குள் கிடந்தது.